கிராஜினாவின் காற்றுத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு கிராஜினாவைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. கடைசியில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவோம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம்.

எங்கள் தீவு ஒன்றுதான், நாடுதான் இரண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து கோடு கிழித்தார்கள். பெரும்பகுதி ஜெர்மனிக்கு, கிழக்கு முனை போலந்துக்கு. நான் இருக்கும் ஆல்பெக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கடைசி ஊர். கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் அவளுடையது. நாங்கள் அதைப் பழைய ஜெர்மன் பெயரில் ஸ்வினமுண்டே என்போம். அவளிடம் அப்படிச் சொன்னால் காது கேளாதவள் போல நிற்பாள். நான் வேண்டுமென்றே சொல்வேன்.

நடுவில் ஒரு வேலி இருந்தது. மணலைத் தாண்டிக் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கும். பன்னிரண்டு வருடம் முன்பு, ஒரு டிசம்பர் மாதம், பாட்டுக் கச்சேரி வைத்து அதைப் பிடுங்கினார்கள். இரண்டு ஊர் மேயர்களும் குளிரில் கைகுலுக்கினார்கள். இப்போது மணலில் இரண்டு கம்பங்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று எங்கள் நிறத்தில், ஒன்று அவர்கள் நிறத்தில். விருந்தாளிகள் நடுவில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வேலி இருந்தபோது நிம்மதியாக இருந்தது. இதைச் சொன்னால் இந்தக் காலத்தில் திட்டுவார்கள், திட்டட்டும்.

கம்பத்துக்கு இருநூறு மீட்டர் இந்தப் பக்கம், வாடகைக் கூடை நாற்காலிகளின் கடைசி வரிசைக்கும் அப்பால், எங்கள் அம்மணக் கரை. பெயர்ப்பலகையில் மரியாதையாக வேறு பெயர் எழுதியிருக்கும், ஊரில் அப்படித்தான் சொல்வோம். துணியில்லாமல் கடலில் இறங்குவது இந்தப் பகுதி ஆட்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. நான் பிறந்த கிழக்கு ஜெர்மனியில் வாயைத் திறக்கத் தடை, வெளியூர் போகத் தடை, வாழைப்பழம் கிடைப்பதே அதிசயம். சட்டையைக் கழற்றத் தடை இல்லை. கட்சிச் செயலாளரும் மீன்கடைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்து அவித்த முட்டை உரித்தார்கள். அந்த நாடே போய்விட்டது. கரை இருந்தது.

இப்போது நாங்கள் ஏழு பேர்தான் தினமும் வருகிறவர்கள். எல்லாருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். எங்களில் வாய் அதிகம் லோத்தாருக்கு. படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர், காலை முழுதும் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு அந்த இடம் ஏன் உயிர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் முன்பு என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அக்குள் வரை ஒரு தழும்பு ஓடுகிறது. மருத்துவமனையிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்துக் கரைக்குப் போனேன். துவாலை அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். லோத்தார் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “ரோஸ்விதா, தண்ணி பதினெட்டு டிகிரி. இன்னும் எதுக்குக் காத்திருக்கே?” அவ்வளவுதான். அங்கியைக் கழற்றினேன், கடலுக்குப் போனேன். அங்கே இருந்தவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என் குளியலறைக் கண்ணாடிகூட எனக்கு அந்தச் சலுகை தரவில்லை. அந்த நூறு அடி மணலில் மட்டும் நான் அதை மறந்துவிடுவேன்.

கிராஜினா வந்தது மூன்று கோடைக்கு முன்பு. வயது என் வயதுதான் இருக்கும். ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பத்தருகே வருவாள், முதுகில் காற்றுத்திரையைச் சுமந்துகொண்டு. போலந்துக்காரர்கள் அது இல்லாமல் கடற்கரைக்கு வரமாட்டார்கள். இடுப்பு உயரத் துணி, எட்டு மீட்டர் நீளம், இடையிடையே மரக்குச்சிகள். மணலில் குச்சிகளை அடித்து இறக்கி, வளைத்து, தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டு உள்ளே குழந்தை குட்டியோடு உட்கார்வார்கள். அவளுடையது நீலமும் வெள்ளையும் கோடு போட்டது. அவளிடம் ஒரு ரப்பர் சுத்தியல் உண்டு. டொக், டொக், டொக். என் காலைக் காப்பி அந்தச் சத்தத்தோடுதான் இறங்கும்.

அவள் திரையை வளைக்கமாட்டாள். நேராகக் கட்டுவாள், கடலிலிருந்து மேட்டுப்பக்கமாக, எங்களுக்கும் அவர்கள் கரைக்கும் குறுக்கே. நாங்கள் பார்க்கத் தகாதவர்கள் என்பதை எட்டு மீட்டர் நீளத்துக்கு எழுதி வைத்த மாதிரி. முதல் வாரமே அங்கியை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

“காத்துக்குத் திரை கட்டுறவங்க காத்து வர்ற பக்கம் கட்டுவாங்க. இன்னிக்குக் கிழக்குக் காத்து,” என்றேன்.

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. ஜெர்மன் சரளமாகப் பேசினாள். “எங்களுக்குக் காத்து எப்பவும் உங்க பக்கத்திலேருந்துதான் வருது.”

அதிலிருந்து மூன்று கோடையும் இதுதான் எங்கள் உறவு. ஒரு குச்சி இரண்டடி எங்கள் பக்கம் வந்தால் நான் போய்ப் பிடுங்குவேன். மறுநாள் நான்கு அடி வரும். எங்களில் யாராவது கம்பத்துக்கு ஐம்பது மீட்டர் அருகே நடந்தால் அவள் விசில் அடிப்பாள், நிஜமாகவே ஒரு விசில் வைத்திருந்தாள். திட்டிக்கொள்ளும்போதும் நீங்கள் நாங்கள்தான், மரியாதை குறையாது. எங்கள் இரண்டு ஊரிலும் வெறுப்பவர்களிடம்தான் அதிகம் மரியாதை காட்டுவோம்.

இந்தக் கோடையில் அவள் மனு எழுதினாள். எங்கள் ஊர் மன்றத்துக்கே எழுதினாள். உடையோடு வரும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் நடக்கிற கரை இது, அம்மணப் பகுதியை எல்லையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று. அவர்கள் ஊர்க் கையெழுத்து மட்டும் இருந்திருந்தால் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். எங்கள் ஊர் விடுதிக்காரர்கள் பதினாலு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய விருந்தாளிகளுக்கும் எங்கள் கிழட்டு உடம்பு உறுத்தியதாம். தள்ளி வைக்கும் இடம் மேற்கே, செங்குத்தான மேட்டுக்குக் கீழே. அறுபத்தெட்டுப் படி. என் இடுப்பு மூட்டு ஆறு படி ஏறினாலே அலறும். அங்கே கூட்டமும் வேறு, வாரம் ஒருமுறை வந்து போகும் பெர்லின்காரர்கள். அவர்களுக்கு என் தழும்பு புதிது. தள்ளி வைத்தால் எனக்குக் கடல் முடிந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம். எங்கள் சார்பில் நான் பேசுவதென்று முடிவாயிற்று. லோத்தார் பேசினால் நிறுத்தமாட்டார். என் கையில் ஒரே ஒரு வாதம் இருந்தது, ஆனால் கல் மாதிரி இருந்தது: வேலி எடுத்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கம்பத்தைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. நாங்கள் எங்கள் இடத்தில் இருக்கிறோம், தேடி வந்து பார்த்துவிட்டுப் புலம்புவது அவர்கள்தான். இது உண்மையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வரை.

அன்று மேற்குக் காற்று. அந்தக் காற்றில் கடலுக்கு அடியில் கிழக்கு நோக்கி ஓர் இழுப்பு இருக்கும், இங்கே பிறந்த நாய்க்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கோபத்தில் நீந்தினேன். மன்றத்தில் பேசப்போவதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அந்த விடுதிக்காரர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு, மிதவையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கட்டை மாதிரி மல்லாந்து மிதந்தேன், வலி விடட்டும் என்று. வலி விட்டபோது கால் மணலைத் தொட்டது. எழுந்து பார்த்தேன். கம்பங்கள் எனக்கு மேற்கே இருந்தன. நூற்றைம்பது மீட்டராவது இருக்கும்.

தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. முன்னால் போலந்துக் கரை, ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்த நேரம். திரைக்குப் பின்னால் திரை, கலர் கலராக, ஆயிரம் பேர். சர்க்கரைத் தூள் போட்ட அப்பம் தின்கிற குழந்தைகள், தொப்பி வைத்த தாத்தாக்கள், ஒரு கன்னியாஸ்திரீகூட இருந்தார். அம்மணமானவர்கள் ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்பார்கள். கோவணம் கட்டியவர்கள் ஊரில் அம்மணமாக நின்றால் என்ன என்பதற்குப் பழமொழி தேவையில்லை. திரும்ப நீந்தலாம் என்று இரண்டடி வைத்தேன், கால் மடங்கியது. கரைக் காவலன் மேடையிலிருந்து விசில் ஊதினான். நான் சாகப்போகிறேன் என்று நினைத்திருப்பான், பாவம். அந்த விசிலுக்கு அந்தக் கரை முழுதும் திரும்பியது.

எனக்கு வெட்கம் கிடையாது என்று அறுபத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முதலில் இரண்டு கையையும் கீழே மறைத்தேன். பிறகு ஒன்றை மேலே எடுத்தேன், தழும்புக்கு. எதை மறைப்பது என்றே தெரியவில்லை. நான்கைந்து பேர் கைபேசியைத் தூக்கினார்கள். தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அலை என்னை மூடும், உடனே விட்டுவிட்டுப் போய்விடும்.

அப்போதுதான் அவள் வந்தாள். வாரநாளில்தான் கம்பத்தருகே இருப்பாள், ஞாயிறன்று குடும்பத்தோடு உள்ளே தள்ளி உட்கார்வாள் போல. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். தண்ணீருக்குள் வந்து என் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“என்னை மூடு,” என்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நீ என்றேன்.

“காதுல விழல.”

விழுந்தது. அவள் ஊரின் பழைய பெயரை நான் சொல்லும்போது போடும் அதே முகம்.

“மூடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்.”

அவள் திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். தன் குடும்பம் உட்கார்ந்திருந்த திரையின் குச்சிகளை ஒன்றொன்றாகப் பிடுங்கினாள். அவள் மருமகள் ஏதோ கத்தினாள், காற்று மணலை அள்ளி அவர்கள் சாப்பாட்டில் போட்டது. எட்டு மீட்டர் துணியையும் தூக்கிக்கொண்டு வந்து என்னை எழுப்பி இரண்டு சுற்றுச் சுற்றினாள். குச்சிகள் என் கணுக்காலில் இடித்தன. தலைக்கு மேலும் ஒரு மடிப்புப் போட்டாள். பிற்பாடு யாராவது அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் நீலக்கோடு போட்ட ஒரு மூட்டைதான் தெரிந்திருக்கும். “நடங்க,” என்றாள்.

அந்த நூற்றைம்பது மீட்டர் என் வாழ்க்கையிலேயே நீளமான தூரம். நான் நொண்டிக்கொண்டு நடந்தேன். அவள் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள், மாட்டை ஓட்டிப் போகிறவள் மாதிரி. பிறகு என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

“பத்தொன்பது வருஷம் உங்க ஊர் ஹோட்டல்ல அறை சுத்தம் பண்ணினேன். கதவைத் தட்டுவேன், உள்ளே வாம்பாங்க. போனா, ஆம்பளை அம்மணமா நின்னு பேப்பர் படிச்சிட்டிருப்பான். துண்டைத் தேட மாட்டான். காப்பி கொண்டுவர்ற உங்க ஊர்ப் பையன் வந்தா தேடுவான். எனக்குத் தேட மாட்டான். நான் படுக்கை விரிப்பை மாத்தணும், நகர்ந்துகூட நிக்க மாட்டான். அவன் மோசமானவன் இல்ல. தப்பா ஒரு வார்த்தை பேசல. அவன் கணக்குல அந்த அறையில யாரும் இல்ல, அவ்வளவுதான்.”

அந்த ஹோட்டல் எது என்று எனக்குத் தெரியும். முன்பு அது தொழிற்சங்க விடுதியாக இருந்தபோது அதன் சமையலறையில் பதினேழு வருடம் உருளைக்கிழங்கு உரித்தவள் நான். கைமாறியதும் எங்களை அனுப்பிவிட்டு, குறைந்த கூலிக்கு அவளைப் போன்றவர்களை வைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னது வேறு.

“அவங்கல்லாம் மேற்கு ஜெர்மனிக்காரங்க. நாங்க இல்ல.”

“துணியில்லாம நிக்கறவன் மேற்கா கிழக்கான்னு எனக்குப் பாத்துச் சொல்லத் தெரியல,” என்றாள்.

கம்பங்கள் வந்தன. அங்கே நின்றாள். என் மேலிருந்த துணியின் முனையைப் பிடித்து இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் பிடித்துக்கொண்டேன். என் துண்டும் அங்கியும் இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தன. புகைப்படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் கம்பத்தடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“விடுங்க,” என்றாள். “இங்கேருந்து உங்க நாடு. இங்கேதான் உங்களுக்கு வெட்கமே கிடையாதே.”

உருவிக்கொண்டு போய்விட்டாள். மிச்சத்தை நடந்தேன். லோத்தார் எங்கே போனாய் என்று கேட்டார். கால் இழுத்துக்கொண்டது, கரையோரம் நடந்து சரிபண்ணினேன் என்றேன். மற்றவர்கள் அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

செவ்வாய் வரை நான் தூங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். தூங்கினேன். ஆனால் கம்பத்தைத் தாண்டியதில்லை என்ற அந்த வாக்கியத்தை என் தாளிலிருந்து நான்கு முறை அடித்தேன், நான்கு முறை திரும்ப எழுதினேன். அது இல்லாவிட்டால் தாளில் ஒன்றுமே இல்லை. வயசானவர்கள், பழக்கம், பாரம்பரியம் என்று புலம்பல்தான் மிஞ்சும், புலம்பலுக்கு எந்த மன்றமும் வாக்குப் போடாது.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. கிராஜினா மூன்றாவது வரிசையில், அதே வெள்ளைச் சட்டையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது என்பதால் பேச உரிமை உண்டு. லோத்தார் என்னை முந்திக்கொண்டு எழுந்து, நாங்கள் எவ்வளவு ஒழுக்கமானவர்கள் என்பதற்குத் தானே சாட்சி என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

படித்தேன். அந்த இடம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வரியைத் தாண்டிப் படித்திருக்கலாம். என் கடல் கண்ணில் தெரிந்தது, அந்த அறுபத்தெட்டுப் படியும் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

“பன்னிரண்டு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கம்பத்தைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை.”

மன்றத் தலைவர் அம்மையார் நியாயமானவர். கிராஜினாவைப் பார்த்து, இது உண்மைதானா, எப்போதாவது யாராவது உங்கள் கரைக்கு அப்படி வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவள் எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள். நான் தாளை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

“இல்ல,” என்றாள். “நான் யாரையும் பாக்கல.”

உட்கார்ந்துவிட்டாள். எட்டுக்கு ஏழு. ஒரு வாக்கில் கரை எங்களுக்கே நிலைத்தது. லோத்தார் என்னைத் தூக்காத குறை. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் அவள் தன் சைக்கிளில் ஏறிக் காட்டுப்பாதையில் கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேனா என்றால், இல்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியவளை நூறு பேருக்கு முன்னால் இல்லாதவளாக்கியிருந்தேன். ஆனாலும் அன்று இரவு சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் நியாயம் பார்த்தா வருகிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுத்தியல் சத்தம் வரவில்லை. காப்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கம்பத்துப் பக்கம் பார்த்தேன். கிராஜினா இருந்தாள். திரை இல்லை. ஒரு மடக்கு நாற்காலி போட்டு, கடலைப் பார்க்காமல், நேராக மேற்கே எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மணலில் பிளாஸ்க். லோத்தார் கொண்டாடினார். பார், தோற்றுப்போனவள் திரையைச் சுருட்டிவிட்டாள் என்றார்.

நான் அங்கியோடு எழுந்து போனேன். அந்த இருநூறு மீட்டரும் அவள் கண் என் மேலிருந்து நகரவில்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“திரை எங்கே?” என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, மூன்று கோடையாக அந்தத் திரையைப் பிடுங்கியவள் நான்.

“வீட்டுல.”

“ஏன்?”

கிராஜினா பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டாள். அவசரமே இல்லை.

“உங்க ஆளுங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலைன்னு நீங்களே சொன்னீங்க. நானும் ஆமான்னுட்டேன். அப்ப ஞாயித்துக்கிழமை நான் யாரைச் சுத்தினேன்? யாரையும் இல்ல. யாரு கூட நடந்தேன்? யாரு கூடவும் இல்ல.” ஒரு வாய் குடித்தாள். “பத்தொன்பது வருஷம் நான் யாருமில்லாம இருந்தேன், எனக்குப் பழக்கம்தான். யாருமில்லாத இடத்துல எதுக்குத் திரை? கழட்டுங்க, போய்க் குளிங்க. இங்கே யாரும் இல்ல.”

“நான் சொன்னது தப்புதான்,” என்றேன். அது என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

“எங்கே சொன்னீங்க, எங்கே சொல்றீங்க,” என்றாள் கிராஜினா. “அங்கே மைக் இருந்துச்சு.”

என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சத் தேநீரைக் குடித்தாள். நான் போய்த் தலைவர் அம்மையாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றும் சொல்லலாம். எட்டுக்கு ஏழு, ஒரே ஒரு வாக்கு. திரும்பி நடந்தேன்.

என் இடத்துக்கு வந்து அங்கியின் முடிச்சில் கை வைத்தேன். கிழக்கே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் அவளுக்கு என் முகம்கூடத் தெரியாது, அது எனக்கும் தெரியும். நீலக்கோடு போட்ட அந்தத் துணி அங்கே இருக்கக்கூடாதா என்று மனது கிடந்து தவித்தது. கடைசியில் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். தண்ணீருக்கு முப்பது அடி. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன், என் வலது கை தானாகப் போய் இடது பக்கத்தை மூடிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தேன். திரும்ப ஏறியது.

லோத்தார் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கினார். நான் தண்ணீருக்குப் போகும்போது அவர் அப்படிப் பார்ப்பது பதினோரு வருடத்தில் முதல் தடவை.

“என்ன ரோஸ்விதா, குளிருதா?” என்று கேட்டார்.

“ஆமா,” என்றேன். “குளிருது.”